கேட்கிறது, ஆனால் புரியவில்லை: செவித்திறன் பரிசோதனை அறைக்குள் நடப்பது

தமிழக-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் வயதானவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான். "சத்தம் கேக்குது மக்கா, என்ன சொல்லுதாங்கன்னுதான் பிடிகிட்டல்ல." வீட்டில் உள்ளவர்கள் இதைக் கவனமின்மை என்கிறார்கள், சில வீடுகளில் பிடிவாதம் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பெரியவர் தன் காதின் நிலையை மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறார். சத்தம் காதில் விழுவது வேறு, பேச்சு புரிவது வேறு. ஒழுங்காகச் செய்யப்படும் செவித்திறன் பரிசோதனை இந்த இரண்டையும் தனித்தனியே அளக்கும். இரண்டாவதை அளக்காமல் காகிதத்தை நீட்டினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

எல்லைப் பகுதியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் குடும்பங்கள் பெரிய வைத்தியம் என்றால் இன்றும் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி ஏறுகின்றன. 1956 நவம்பர் 1 வரை இந்தத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. பழக்கம் அப்படியே நிற்கிறது. காதுக்கும் அங்கே நல்ல வசதி உண்டு. ஆக்குளத்தில் உள்ள நிஷ் என்ற தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1997இல் தொடங்கப்பட்டது. எங்கே போனாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: பரிசோதனையின் ஒரு பகுதி மொழியைப் பொறுத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், யாரிடம் போவது? காதில் சீழ், வலி, கிழிந்த செவிப்பறை, இவற்றுக்கெல்லாம் காது மூக்கு தொண்டை மருத்துவர். கேட்கும் திறனை அளப்பவர் ஆடியாலஜிஸ்ட். இது தனிப் படிப்பு. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் அவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. காது மெஷின் விற்கும் இடங்களில் இலவசமாகச் செய்து தரும் சோதனையிலும் தகுதியுள்ளவர் இருக்கலாம். ஆனால் பத்து நிமிடத்தில் ஹெட்போன் மாட்டிக் கழற்றிவிட்டு விலைப்பட்டியலைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். முழுமையான பரிசோதனைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும்.

போவதற்கு முந்தைய நாள் காதுக்கு ஓய்வு வேண்டும். பலத்த சத்தத்தில் இருந்த காது சில மணி நேரம் மந்தமாகவே இருக்கும், பிறகு ஓரளவு மீளும். அந்த இடைவேளையில் அளந்தால் உண்மைக்கு மாறாகக் கூடுதல் குறைபாடு தெரியும். குறைந்தது 14 மணி நேரமாவது இரைச்சலிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது தொழிற்சாலைப் பணியாளர் பரிசோதனைகளில் கடைப்பிடிக்கும் கணக்கு. கோயில் கொடையில் சிங்காரி மேளம் அடித்துவிட்டு மறுநாள் காலை பஸ் ஏறக் கூடாது. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகளில் நாள்கணக்கில் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கரைக்கு வந்ததும் நன்றாக ஓய்வெடுத்துவிட்டுப் போவது நல்லது.

ஆடியாலஜிஸ்ட் முதலில் கேள்விகள்தான் கேட்பார். ஒரு காதா, இரண்டுமா? மெல்ல மெல்லக் குறைந்ததா, திடீரென்றா? காதுக்குள் இரைச்சல் உண்டா, தலைசுற்றல் உண்டா? என்ன வேலை? சர்க்கரை நோய் உண்டா? ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் போட்டதுண்டா? புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின் ஏற்றினார்களா? குழந்தை என்றால், பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா என்றும் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. சில மருந்துகள் உட்செவியின் மயிர்க்கலங்களைக் கொல்லும், அவை மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. சில குறைபாடுகள் பரம்பரையாக வரும். பழைய மருந்துச்சீட்டுகளைக் கையோடு கொண்டுபோவது பயன்படும்.

பிறகு விளக்குள்ள சிறு கருவியால் காதுக்குள் பார்ப்பார். குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்த பிறகுதான் அளக்க முடியும். சிலருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும், அடைப்பு எடுத்ததும் காது திறந்துவிடும். வீட்டில் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி ஊற்றுவது நம் பக்கம் இன்னும் ஓயவில்லை. செவிப்பறையில் ஓட்டை இருக்கும் காதுக்கு அது கெடுதல். ஓட்டை உண்டா இல்லையா என்பது வெளியிலிருந்து வீட்டாருக்குத் தெரியாது.

அடுத்தது அந்த அறை. கனமான கதவு, தடித்த சுவர், உள்ளே ஒலியை விழுங்கும் மெத்தைப் பரப்பு. கதவு மூடியதும் சிலருக்கு மூச்சு முட்டுவதுபோல் தோன்றும்; முன்கூட்டியே சொல்லிவிட்டால் சற்றுப் பொறுத்து ஆரம்பிப்பார்கள். ஹெட்போனின் சிவப்புப் பக்கம் வலது காதுக்கு, நீலம் இடதுக்கு. கையில் ஒரு பொத்தான். "எவ்வளவு மெல்லிசாக் கேட்டாலும் அமுக்குங்க" என்பதுதான் விதி. நம்மில் பலர் இதைத் தேர்வு என்று எடுத்துக்கொண்டு, உறுதியாகத் தெரிந்தால்தான் அமுக்குவோம் என்று காத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கடைசியில் கையில் கிடைக்கும் செவித்திறன் வரைபடம் உள்ளதைவிட மோசமாக வரும். சந்தேகமான ஒலிக்கும் அமுக்குங்கள். தப்பாக அமுக்கினால் கண்டுபிடிக்க அவர்களுக்கு வழி இருக்கிறது.

அந்த வழி எளிமையானது, அழகானதும்கூட. பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸ் சுருதியில், நன்றாகக் கேட்கும் அளவில் ஓர் ஒலி வரும். கேட்டதாகச் சொன்னால் ஒலியளவை 10 டெசிபல் இறக்குவார். மறுபடி கேட்டால் மறுபடி 10. கேட்காமல் போனதும் 5 டெசிபல் ஏற்றுவார். இப்படி இறங்கி ஏறி, ஏறும்போது வரும் ஒலிகளில் பாதிக்குக் குறையாமல் பிடிபடும் மிகச் சிறிய அளவுதான் அந்தச் சுருதிக்கான உங்கள் கேட்பு எல்லை. இடைவெளிகளைச் சீராக விடமாட்டார்கள். தாளக் கணக்கில் ஊகித்து அமுக்குபவரின் குட்டு அதில் வெளிப்பட்டுவிடும். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொரு காதுக்கும் இதே வேலை நடக்கும்.

இங்கே 0 டெசிபல் என்றால் ஒலியே இல்லை என்று பொருளல்ல. நல்ல காதுள்ள இளைஞர்களின் சராசரிக் கேட்பு எல்லையைத்தான் 0 என்று வைத்திருக்கிறார்கள். அதைவிட நுட்பமான காதுகளும் உண்டு என்பதால் வரைபடம் -10லிருந்து தொடங்குகிறது. அளவுகோலும் நேர்கோட்டில் ஏறுவதில்லை: 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு, 60 கூடினால் 10 லட்சம் மடங்கு. "வெறும் 30 டெசிபல்தானே" என்று யாரும் ஆறுதல் சொன்னால் ஏற்காதீர்கள்.

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் சிறிய அதிர்வுக் கருவியைப் பொருத்தி இன்னொரு சுற்று வரும். இதில் ஒலி செவிப்பறையையும் நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகளையும் சுற்றிக்கொண்டு, மண்டையோட்டின் வழியே நேராக உட்செவிக்குப் போகிறது. ஹெட்போனில் மந்தம், எலும்பு வழியில் நன்றாகக் கேட்கிறது என்றால் கோளாறு வழியில்தான்: அடைப்பு, நீர், ஓட்டை, இறுகிய எலும்பு. இவற்றில் பலவற்றை மருந்தாலோ அறுவைச் சிகிச்சையாலோ சரிசெய்யலாம். இரண்டு வழியிலும் ஒரே அளவு மந்தம் என்றால் உட்செவியிலோ நரம்பிலோ குறைபாடு. இந்த ஒரு ஒப்பீடுதான் மருத்துவரிடமா, காது மெஷினிடமா என்ற பாதையைப் பிரிக்கிறது. எலும்புவழிச் சோதனை இல்லாமல் மெஷின் வாங்கச் சொல்வது தவறு என்றே நினைக்கிறேன்.

நடுவில் ஒரு காதில் மட்டும் உஸ்ஸென்று இரைச்சல் விடுவார்கள். கருவி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். மந்தமான காதுக்குக் கொடுக்கும் பலத்த ஒலி மண்டையோட்டைக் கடந்து மறுபக்கத்து நல்ல காதில் விழுந்துவிடும். நாம் எந்தக் காதால் கேட்டோம் என்று தெரியாமலே அமுக்கிவிடுவோம். நல்ல காதை அந்த இரைச்சலால் ஓரமாக உட்கார வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி வரைபடம். மேலே இடமிருந்து வலமாகச் சுருதி, கீழிறங்கக் கீழிறங்க ஒலியளவு. வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. குறிகள் கீழே போகப் போகக் குறைபாடு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டில் 20 டெசிபலுக்குக் கீழே இயல்பு; 20 முதல் 35க்குள் லேசானது; 35 முதல் 50க்குள் மிதமானது; 80ஐத் தாண்டினால் மிகக் கடுமையானது. பல மருத்துவமனைகள் 25 வரை இயல்பு என்ற பழைய கணக்கில் எழுதுகின்றன, ஆகவே பெயரைவிட எண்ணைக் கவனியுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் டெசிபலைத்தான் பார்க்கிறது: இரு காதுகளிலும் பேச்சுச் சுருதிகளில் 60 முதல் 70 என்றால் ஒரு பிரிவு, 70ஐ எட்டினால் அடுத்த பிரிவு.

பேச்சின் ஒலிகளை இந்த வரைபடத்தின் மேல் புள்ளி வைத்துக் குறித்தால் வளைந்த ஒரு வாழைப்பழம் போலக் கிடக்கும். ஆடியாலஜிஸ்டுகளும் அதை வாழைப்பழம் என்றே அழைக்கிறார்கள். உயிரொலிகள் இடப்பக்கம், தாழ்ந்த சுருதியில், வலுவாக இருக்கும். ச, ஸ, ஷ போன்றவையும் க, த, ப-வின் வெடிப்பும் வலப்பக்கம், உயர்ந்த சுருதியில், மெலிந்து இருக்கும். முதுமையில் கேட்கும் திறன் தேய்வது வலப்பக்கத்திலிருந்துதான். இரைச்சலில் உழைத்தவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் அனுபவமுள்ளவர் "மேளமா, எஞ்சினா, கல் குவாரியா?" என்றுதான் கேட்பார். இப்படிப்பட்ட காதுக்கு "கடை", "தடை", "படை" மூன்றும் ஒன்றே. அகரம் தெளிவாகக் கேட்கிறது, முன்னால் நின்ற மெய் காணாமல் போகிறது. சத்தம் கேட்டும் பிடி கிட்டாமல் போவது இதனால்தான். இந்த நிலையில் உரக்கக் கத்தினால் உயிரொலிதான் இன்னும் பெருக்கும். முகம் பார்த்து, சற்று நிதானமாகப் பேசினால் பலன் உண்டு.

இதை நேரடியாக அளப்பதுதான் பேச்சுச் சோதனை. முதலில் இரண்டசைச் சொற்களை மெல்ல மெல்லத் தாழ்த்தி, பாதிச் சொற்களைத் திருப்பிச் சொல்ல முடிகிற அளவைக் கண்டுபிடிப்பார்கள். இந்த அளவு வரைபடத்தின் சராசரியோடு ஏறக்குறைய 10 டெசிபலுக்குள் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் எங்கோ பிசகு இருக்கிறது என்று மறுபடி பார்ப்பார்கள். அடுத்து வசதியாகக் கேட்கும் அளவில் 25 அல்லது 50 சொற்கள். 25 என்றால் ஒரு சொல்லுக்கு 4 சதவீதம்.

என் அத்தையோடு போனபோது இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். குழித்துறைக்காரர், சந்தையில் மலையாளத்தில் விலை பேசுவார், மலையாளச் சீரியல் பார்ப்பார். மலையாளம் தெரியுமா என்று கேட்டதற்குத் "தெரியும்" என்று சொல்லிவிட்டார். பட்டியலை மலையாளத்தில் ஆரம்பித்தார்கள். "குட" (மலையாளத்தில் குடை) என்று வந்ததற்கு அத்தை நம் பேச்சுவழக்கில் "கொடை" என்றார். சரி என்று போடுவதா, தப்பென்று போடுவதா? அடுத்த சொல்லுக்கு ஒரு கணம் தயங்கி, பழகிய வேறொரு சொல்லைச் சொன்னார். சோதனை செய்த பெண் நல்லவர்; பட்டியலை நிறுத்திவிட்டு, "அம்மச்சி வீட்டுல தமிழா?" என்று கேட்டார். தமிழ்ப் பட்டியலை எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். தயக்கம் மாறியது, மதிப்பெண்ணும் கூடியது.

காரணம் காதில் இல்லை. தேய்ந்த காது பாதி ஒலியைத்தான் அனுப்புகிறது. மீதியை மூளை தன் சொற்கிடங்கிலிருந்து நிரப்புகிறது. பிறந்தது முதல் புழங்கிய மொழியில் அந்தக் கிடங்கு பெரிது, எடுக்கும் வேகமும் அதிகம். பிறகு கற்ற மொழியில், அதுவும் பின்னணி இரைச்சலில், நல்ல காதுள்ளவர்களுக்கே மதிப்பெண் குறையும். அப்படிக் குறைந்ததை நரம்பின் கோளாறு என்று எழுதிவிட்டால் தேவையில்லாத ஸ்கேன் வரைக்கும் போகலாம், அல்லது "மெஷின் வச்சும் பிரயோஜனம் இல்லை" என்ற தீர்ப்பு வரலாம். மலையாளத்துக்கும் தமிழுக்கும் இதற்கென்றே தொகுத்த சொற்பட்டியல்கள் இருக்கின்றன. எல்லையில் வாழும் நாம் வாய் திறந்து கேட்க வேண்டும்: பேச்சுச் சோதனையைத் தமிழில் செய்யுங்கள். பாறசாலைக்கு அப்பால் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், பீருமேடு, தேவிகுளம் தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கும் இதையேதான் சொல்வேன். நாகர்கோவில் மருத்துவமனைக்கு வரும் மலையாளிக்கும் அதே உரிமை உண்டு.

மீதிச் சோதனைகளில் நோயாளிக்கு வேலை இல்லை. காதில் ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பது டிம்பனோமெட்ரி. நடுச்செவியில் நீர் நின்றால் கோடு தட்டையாக வரும். 1978இல் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர் உட்செவியே மெல்லிய எதிரொலி எழுப்புவதைப் பதிவு செய்தார். அந்த எதிரொலியைப் பிடிக்கும் கருவிதான் இன்று பச்சைக் குழந்தைகளைச் சோதிக்கிறது. அதில் பதில் வராத குழந்தைக்கு, தூங்கும்போது தலையில் மின்முனைகள் ஒட்டி நரம்பின் பதிலைப் பதியும் பெரா சோதனை. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி என்பது உலகெங்கும் சொல்லும் கணக்கு. "அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று சொல்லிப் பிள்ளையின் இரண்டு வருஷத்தைக் கடத்தாதீர்கள்.

காத்திருக்கவே கூடாத ஒன்றும் உண்டு. இரவு நன்றாகப் படுத்து, காலையில் ஒரு காது கேட்காமல் போனால், அல்லது இரண்டு மூன்று நாளில் சட்டென்று குறைந்தால், அன்றைக்கே காது மருத்துவரிடம் போங்கள். குறும்பியாகவும் இருக்கலாம். உட்செவியின் திடீர் பாதிப்பாகவும் இருக்கலாம். அதற்குத் தரும் ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம்.

மெஷின் பொருத்திய பிறகும் பரிசோதனை மீதமிருக்கிறது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஒலிபெருக்கி வழியாக, மெஷின் இல்லாமல் ஒரு முறையும் மெஷினோடு ஒரு முறையும் சொற்களைச் சொல்ல வைப்பார்கள். முடிந்தால் பின்னணி இரைச்சலோடும். இதையும் தமிழில் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். வரைபடத்தின் பிரதியோடு இந்த மதிப்பெண்களும் கையில் இருந்தால், அடுத்த வருஷம் வேறு ஊரில் வேறு ஆடியாலஜிஸ்ட் அளந்தாலும் எது மாறியது என்று அவரால் உடனே சொல்ல முடியும்.