ஒக்லூஷன் – கடிப்பொருத்தம்

பல் மருத்துவர் எழுதித் தரும் குறிப்பில் ‘ஒக்லூஷன்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அகராதியைப் புரட்டினால், முதலில் கிடைப்பது ‘அடைப்பு’. இதய ரத்தக்குழாய்க்கு அது சரி. பல்லுக்குப் பிழை. வாயில் எதுவும் அடைத்துக்கொள்ளவில்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கின்றன, அவ்வளவுதான்.

மூலம் லத்தீன் ‘ஒக்ளூடெரே’. ‘ஒப்’ என்றால் எதிரே, ‘க்ளௌடெரே’ என்றால் மூடு. குழாய் மூடினால் அடைப்பு, தாடை மூடினால் பற்களின் சந்திப்பு. வேர் ஒன்றாக இருப்பதால் தமிழிலும் ஒரே சொல்லைப் போட்டுவிடக் கூடாது.

‘பற்பொருத்தம்’ என்று எழுதலாமே என்றால், அதில் ஒரு சிக்கல். பல் பொருத்துவது என்றாலே நம் ஊரில் செயற்கைப் பல் வைப்பதுதான் நினைவுக்கு வரும். அதனால் ‘கடிப்பொருத்தம்’ என்பதே மேல். பொருத்தம் என்ற சொல்லை விட்டுவிடவும் மனமில்லை. அதில் அளவுகள் உண்டு. பத்தில் ஏழு பொருந்தினாலும் திருமணம் நடக்கிறது. பல்லும் அப்படித்தான்.

முழுப் பொருத்தம் எப்படி இருக்கும்? தூக்குப்போசி மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்வரிசை சற்றே பெரியது. கீழ்வரிசையைச் சுற்றிலும் வெளியிலிருந்து கவிந்து மூடும். முன்பற்களில் மேல்பல் கீழ்ப்பல்லுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் முன்னால் நிற்கும். கீழ்ப்பல்லின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மறைக்கும். ஒவ்வொரு பல்லும் எதிர்வரிசையில் இரண்டு பற்களைத் தொடும். கீழ் நடு வெட்டுப்பல்லும் மேல் ஞானப்பல்லும் மட்டும் ஒவ்வொன்றைத் தொடும்.

இதற்கு அளவுகோல் வைத்தவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள், 1899-இல். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல்தான் அவருக்குச் சாவி. மேல்பல்லின் கன்னப்பக்க முன்முகடு (முகடு என்பது பல்லின் மேட்டு முனை), கீழ்ப்பல்லின் கன்னப்பக்கப் பள்ளத்தில் வந்து அமர வேண்டும். கடைவாயைக் கடித்தபடி, விரலால் கன்னத்தை ஒதுக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நமக்கே தெரியும். அது அமர்ந்தும் முன்பல் தெற்றியிருந்தால் முதல் வகைப் பிறழ்வு. கீழ்க் கடைவாய்ப்பல் பின்தங்கினால் இரண்டாம் வகை. பெரும்பாலான எத்துப்பல் இதில் சேரும். முன்னே போனால் மூன்றாம் வகை. சிகிச்சையே பெறாத, நல்ல பல்வரிசை கொண்ட 120 பேரின் அச்சுகளை ஆராய்ந்து, லாரன்ஸ் ஆண்ட்ரூஸ் 1972-இல் ஆறு சாவிகளாக விரித்தார்: கடைவாய் உறவு, பல்லின் முன்பின் சாய்வு, உள்வெளிச் சாய்வு, திருகல் இன்மை, இடைவெளி இன்மை, பெரிதாக வளையாத கடிதளம் (பற்கள் சந்திக்கும் பரப்பு).

ஆறும் கூடியது இலக்குப் பொருத்தம். மருத்துவர் குறி வைக்கும் இடம் அது. எல்லோர் வாயிலும் இருக்க வேண்டியது என்று பொருளில்லை. லேசான தெற்றுப்பல், கொஞ்சம் உயர்ந்த சிங்கப்பல், இடைவெளி என்று எத்தனையோ வாய்கள் நன்றாக மெல்லுகின்றன. இவற்றை இயல்புப் பொருத்தம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் ‘சரியான கடி’ என்று ஒரே சொல்லால் எழுதுவதால்தான், கம்பி போடத் தேவையில்லாத பிள்ளையும் தன் வாயில் குறை இருப்பதாக நினைக்கிறது. பால்பற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பது நல்லதே, பெரிய பல்லுக்கு இடம் வேண்டும். 7 வயதிலிருந்து 11 வயதுக்குள் மேல் முன்பற்கள் விரிந்து நின்றாலும், கோரைப்பல் இறங்கிய பிறகு அந்த இடைவெளி பெரும்பாலும் தானாக அடைந்துவிடும்.

அப்படியானால் எது பிறழ்பொருத்தம், அதாவது மருத்துவரிடம் காட்ட வேண்டிய கடி? சேலத்துத் தட்டுவடை செட்டைக் கடித்துப் பார்த்தால் போதும். கீழ்த்தாடை முன்னே நகர்ந்து, வெட்டுப்பற்கள் முனையோடு முனை சேர்ந்து துண்டாக்கும். பிறகு தாடை பின்வாங்கி, கடைவாய் அரைக்கும். முன்பற்கள் சேராத திறந்த கடி உள்ளவருக்குத் தட்டுவடை நொறுங்கும், நடுவில் இருக்கும் கேரட், பீட்ரூட் துருவல் மட்டும் அறுபடாமல் இழுத்துக்கொண்டு வரும். அவர் ஓரப் பல்லில் கடித்துப் பழகியிருப்பார். கீழ்ப்பல் மேலண்ணத்தில் குத்துவது, மூடும்போது தாடை ஒருபக்கம் ஒதுங்குவது, ஒரே பல் மட்டும் தேய்வது ஆகியவையும் காட்ட வேண்டியவை.

இனி நிரப்பு (ஃபில்லிங்) வைத்த பல். “மூடுனா இந்தப் பல்லு மட்டும் மொதல்ல இடிக்குதுங்க” என்று சேலத்தில் சொல்வார்கள். அந்த ‘இடித்தல்’ அருமையான கலைச்சொல்; ஆங்கிலத்தில் ‘ஹை பாயிண்ட்’ என்பது இதுதான். தலைமுடியைவிட மெல்லிய தாள் நடுவில் இருந்தாலும் பல்லைத் தாங்கும் நார்கள் உணர்ந்துவிடும். ஆனால் மரத்துப்போன வாய் அதைச் சரியாகச் சொல்லாது. படுத்த நிலையில் தாடையும் சற்றுப் பின்னே போகும். ஆகவே நாற்காலியை நிமிர்த்தி, பல்லை ஈரமில்லாமல் துடைத்து, சுமார் 40 மைக்ரான் வண்ணத்தாளை வைத்துத் தட்டிக் கடிக்கச் சொல்ல வேண்டும். பிறகு வேறு நிறத் தாளில் பக்கவாட்டில் தேய்க்கச் சொல்ல வேண்டும். ஈரத்தில் மை ஒட்டாது, தப்பான புள்ளியைச் சீவிவிடுவோம். அடர்ந்த புள்ளியெல்லாம் உயரமும் அல்ல. நடுவில் வெளுத்து ஓரத்தில் வளையமாகப் பதிந்த இடமே பெரும்பாலும் இடிக்கும் இடம். மரப்பு விட்ட பின்னும் இடித்தால், பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளாமல் மறுநாளே போய்ச் சீவிக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் கடிக்கும்போது வலி, பிறகு பல் ஆட்டம், சில நேரம் முகடே உடையும்.