‘கிறிஸ்தவ மெட்டல்’ – அடைமொழி எதைச் சுட்டுகிறது?

மின்கிட்டாரின் கரகரத்த தடித்த ஒலியையும் ஓங்கிய டிரம்ஸ் அடிப்பையும் அடித்தளமாகக் கொண்ட மெட்டல் இசையில், கிறிஸ்தவ நம்பிக்கையைப் பாடுபொருளாக ஏற்று, அந்த நம்பிக்கை தமக்கும் உரியது என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட கலைஞர்கள் படைப்பதைக் ‘கிறிஸ்தவ மெட்டல்’ என்கிறோம். இத்தொடரை முதன்முறை கேட்பவர், திராஷ் மெட்டல், டூம் மெட்டல், டெத் மெட்டல் என்ற வரிசையில் இதுவும் ஓர் ஒலிவகை என்று எண்ணிவிடக்கூடும். திராஷ் என்ற அடைமொழி விரைவையும், டூம் என்பது மெதுவான கனத்த நடையையும் உணர்த்துகின்றன. கிறிஸ்தவ என்ற அடைமொழியோ காதில் விழும் ஒலியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தினால்தான் சொல்லின் வரலாறும் தெளிவாகும். அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

முதலில் ‘மெட்டல்’. கிரேக்க மொழியில் சுரங்கத்தைக் குறித்த ‘மெட்டாலோன்’ என்ற சொல், இலத்தீனில் ‘மெட்டாலும்’ ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, சுரங்கத்திலிருந்து எடுக்கப்படும் பொருளுக்குப் பெயராயிற்று. ‘ஹெவி மெட்டல்’ என்ற கூட்டுத்தொடருக்கு இசைக்கு முன்பே வேறு வாழ்வு உண்டு. வேதியியலார் ஈயம், பாதரசம் போன்ற அடர்த்தி மிகுந்த உலோகங்களை அப்பெயரால் அழைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பெரிய பீரங்கிகளுக்கும் அது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஸ்டெப்பன்வுல்ஃப் குழு வெளியிட்ட ‘பார்ன் டு பி வைல்ட்’ பாடலில், மோட்டார் சைக்கிளின் முழக்கத்தைச் சொல்லும் இடத்தில் இத்தொடர் வருகிறது. எனினும் அங்கே அது இசைவகையின் பெயரன்று. 1971ஆம் ஆண்டு மே மாதம் ‘கிரீம்’ இதழில் சர் லார்ட் பால்டிமோர் குழுவின் இசைத்தொகுப்பை மதிப்பிட்ட மைக் சாண்டர்ஸ் எழுதியதே, இசைவகையின் பெயராக இத்தொடர் ஆளப்பட்டதற்கான தொடக்கச் சான்றுகளுள் ஒன்று. பின்னர் ‘ஹெவி’ உதிர்ந்து, ‘மெட்டல்’ மட்டும் நின்றது.

‘கிறிஸ்தவ’ என்ற சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருப்பொழிவு பெற்றவர் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லின் கிரேக்க மொழிபெயர்ப்பே ‘கிறிஸ்தோஸ்’. சீடர்கள் அந்தியோகியாவிலேதான் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அங்கே அது மனிதர்களுக்கு இடப்பட்ட பெயர். மனிதரைக் குறித்த சொல்லை இசைக்கு அடைமொழியாக்கும்போது, அது பாடுபவரைச் சுட்டுகிறதா, பாடப்படுவதைச் சுட்டுகிறதா, இசை ஒலிக்கும் விதத்தைச் சுட்டுகிறதா என்ற குழப்பம் இயல்பாகவே எழுகிறது.

இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்கு ஸ்ட்ரைப்பர் குழுவின் இசைத்தொகுப்புகளைக் காலவரிசையில் கேட்பதைக் காட்டிலும் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்ட்டியில், மைக்கேல் ஸ்வீட், ராபர்ட் ஸ்வீட் என்ற உடன்பிறந்தார் இருவரும் கிட்டார் கலைஞர் ஆஸ் ஃபாக்ஸும் பேஸ் கலைஞர் டிம் கெய்ன்ஸும் சேர்ந்த குழு அது. ‘ராக்ஸ் ரெஜீம்’ என்பது அதன் பழைய பெயர். புதிய பெயர் ஏசாயா 53:5இலிருந்து பிறந்தது. தமிழ் வேதாகமம் ‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்’ என்று சொல்லும் அந்த வசனத்தில், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ‘ஸ்ட்ரைப்ஸ்’ என்ற சொல்லைக் கையாள்கிறது. சாட்டையடியின் தழும்புக்கும், துணியில் ஓடும் பட்டைக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்தான். குழுவினர் உடை முதல் கிட்டார் வரை எல்லாவற்றையும் மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி வரும் பட்டைகளால் நிரப்பியதன் உட்பொருள் இதுவே. தமிழில் தழும்பும் பட்டையும் இரு வேறு சொற்களாகப் பிரிந்துவிடுவதால், இந்தச் சிலேடையை விளக்கத்தான் முடியும், பெயர்க்க முடியாது.

1984இல் எனிக்மா நிறுவனம் வெளியிட்ட ‘தி யெல்லோ அண்ட் பிளாக் அட்டாக்’ ஆறு பாடல்களே கொண்ட சிறு தொகுப்பு. அடுத்த ஆண்டு முழு அளவில் ‘சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்’ வந்தது. இரு கிட்டார்கள் ஒரே மெட்டை இரு வேறு சுர நிலைகளில் இணைந்து வாசிப்பதும், மைக்கேல் ஸ்வீட்டின் குரல் மேல்ஸ்தாயிக்கு எகிறி நிற்பதும், அக்காலத்து மெட்டல் ரசிகர்கள் பிற குழுக்களிடம் கேட்டுப் பழகிய ஒலிப்பாங்குதான். பாடல் வரிகளை நீக்கி இசையை மட்டும் ஒருவருக்குக் கேட்கக் கொடுத்தால், அதில் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது என்று அவரால் சுட்ட முடியாது. வரிகளிலும், மேடையிலிருந்து கூட்டத்தை நோக்கி வீசப்பட்ட புதிய ஏற்பாடுகளிலும்தான் அது இருந்தது.

1986இல் வெளியான ‘டு ஹெல் வித் தி டெவில்’ அமெரிக்காவில் பத்து லட்சம் படிகளைத் தாண்டி பிளாட்டினம் சான்று பெற்றது. தலைப்பை மேலோட்டமாகப் படித்தவர்கள் திடுக்கிட்டிருக்கக்கூடும். ஆங்கிலத்தில் தேய்ந்துபோன வசைமொழி ஒன்றை எடுத்து, ‘சாத்தான் நரகத்துக்கே போகட்டும்’ என்ற நேர்ப்பொருளுக்குத் திருப்பிவிட்ட தலைப்பு அது. இத்தொகுப்பில் கடும் கிட்டார் பாடல்களுக்கு இடையே ‘ஆனெஸ்ட்லி’ என்ற உருக்கமான மென்பாடலும் இருந்தது. அமெரிக்க இசைத்துறை இதழான பில்போர்டின் பொதுவான பாடல் பட்டியலில் 23ஆம் இடம்வரை ஏறியது அந்தப் பாடலே. 1988இல் வந்த ‘இன் காட் வி டிரஸ்ட்’ தொகுப்பில் கீபோர்டும் பளபளப்பான குரலடுக்குகளும் முன்னுக்கு வர, கிட்டாரின் கனம் பின்வாங்கியது. என் காதுக்கு அதில் பாதிக்கு மேல் பாப் இசையாகவே படுகிறது. அப்போதும் அதைக் கிறிஸ்தவ மெட்டல் என்று அழைக்க எவரும் தயங்கவில்லை. ஒலிப்பாங்கு மெட்டலின் விளிம்புக்கே நகர்ந்தபின்னும் பெயர் அசையாமல் நின்றது.

அடுத்த தொகுப்பில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. 1990இல் வெளியான ‘அகைன்ஸ்ட் தி லா’வில் குழு மஞ்சள் கறுப்புப் பட்டைகளைக் கழற்றி வைத்தது, இயேசுவையும் மீட்பையும் நேராகப் பேசும் வரிகள் ஏறக்குறைய மறைந்தன, எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் ‘ஷைனிங் ஸ்டார்’ பாடலுக்கு ஒரு மறுவடிவமும் இடம்பெற்றது. கிட்டாரோ முந்தைய தொகுப்பைவிட முரட்டுத்தனமாக, புளூஸ் சாயலுடன் ஒலித்தது. இசை என்ற அளவில் குழு மெட்டலை நோக்கித் திரும்பியிருந்தது. ஆனால், இது இன்னும் கிறிஸ்தவ மெட்டல்தானா என்ற கேள்வி எழுந்தது இந்தத் தொகுப்பின்போதுதான். இசை மென்மையானபோது எழாத கேள்வி, வரிகள் மாறியதும் எழுந்ததென்றால், அடைமொழி எதன்மேல் நிற்கிறது என்பது தெளிவு. 1992இல் மைக்கேல் ஸ்வீட் குழுவைவிட்டு விலகினார். குழுவும் நெடுநாள் ஓய்ந்தது.

2003இல் மீண்டும் கூடியவர்கள் 2005இல் ‘ரீபார்ன்’ தொகுப்பை வெளியிட்டார்கள். கிட்டாரின் சுருதி தாழ்த்தப்பட்டிருந்தது; எண்பதுகளின் மினுமினுப்பு போய், தொண்ணூறுகளுக்குப் பிந்தைய இருண்ட தடிமன் வந்திருந்தது. 2013ஆம் ஆண்டின் ‘செகண்ட் கமிங்’ நம் நோக்கத்துக்கு மிகவும் பயன்படுவது. எண்பதுகளில் பாடிய தம் பாடல்களையே அவர்கள் அதில் மறுபடி ஒலிப்பதிவு செய்தார்கள். வரிகள் பழையவை, ஒலியின் எடை புதியது. இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்குப் பாடுபொருளும் ஒலிப்பாங்கும் தனித்தனியே கழன்று வரக்கூடியவை என்பது எளிதில் புலப்படும். அதே ஆண்டு ‘நோ மோர் ஹெல் டு பே’, 2015இல் ‘ஃபாலன்’ என்று இசை மேலும் கனத்தது. 2018இல் வந்த ‘காட் டேம் ஈவில்’ தொகுப்பின் முதல் பாடலில், டெத் மெட்டலுக்கு உரிய உறுமல் குரல்கூட எட்டிப் பார்க்கிறது. அதன் தலைப்பும் பழைய உத்தியே: வசையாக வழங்கும் தொடரை, தீமையைச் சபிக்கும்படி கடவுளிடம் வைக்கும் வேண்டுதலாக அவர்கள் வாசித்தார்கள்.

பாடுபொருள் மட்டுமே போதுமா என்றால், அதுவும் போதாது. ‘ஃபாலன்’ தொகுப்பில் ஸ்ட்ரைப்பர் மறுவடிவம் செய்த ‘ஆஃப்டர் ஃபாரெவர்’, பிளாக் சாபத் குழு 1971இல் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பில் வெளியிட்ட பாடல். பர்மிங்ஹாமின் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த கீசர் பட்லர் வரிகள் எழுதிய அப்பாடல், கடவுள் நம்பிக்கையை ஏளனம் செய்பவர்களைக் கேள்வி கேட்கிறது. அதைவிட வெளிப்படையான கிறிஸ்தவப் பாடுபொருளை மெட்டலின் தொடக்க காலத்தில் காண்பது அரிது. ஆனாலும் பிளாக் சாபத்தை எவரும் கிறிஸ்தவ மெட்டல் குழு என்று சொல்வதில்லை. ஒரு பாடலின் பொருள் குழுவின் அடையாளமாகிவிடாது. தொடர்ந்து அப்பொருளைப் பாடுவதும், அது தம் நம்பிக்கை என்று குழுவினர் தாமே அறிவிப்பதும் சேரும்போதுதான் இந்த அடைமொழி பொருந்துகிறது. வரையறையில் ‘அறிவித்துக்கொண்ட’ என்ற சொல்லை இட்டதன் காரணம் இதுவே.

இதே பொருளில் வழங்கிய இன்னொரு தொடர் ‘ஒயிட் மெட்டல்’, அதாவது வெள்ளை மெட்டல். இங்கிலாந்தின் வெனம் குழு 1982இல் வெளியிட்ட ‘பிளாக் மெட்டல்’ தொகுப்பின் பெயர், சாத்தானியப் படிமங்கள் கொண்ட இசைவகைக்கே பெயராகிவிட, அதற்கு எதிர்ச்சொல்லாக எழுந்தது இது. சிகாகோவின் ட்ரபிள் குழுவை மெட்டல் பிளேட் நிறுவனம் இந்தப் பெயரில்தான் விளம்பரப்படுத்தியது. ட்ரபிளின் இசை, பிளாக் சாபத்தை நினைவூட்டும் மெதுவான, பாரமான டூம் மெட்டல். ஸ்ட்ரைப்பரின் மினுக்கத்துக்கும் அதற்கும் ஒலியில் தொடர்பே இல்லை. இரண்டையும் ஒரே பெயர் அணைத்துக்கொண்டதற்குக் காரணம் வரிகள் மட்டுமே. பிரேசிலில் இப்பெயர் இன்றும் பரவலாகப் புழங்குகிறது.

இவற்றைவிடச் சுவையானது ‘அன்பிளாக் மெட்டல்’. ஆஸ்திரேலியாவின் ஜேசன் ஷெர்லாக், ஹோர்ட் என்ற பெயரில், தன் பெயரை மறைத்துத் தனியொருவராக உருவாக்கி 1994இல் வெளிவந்த தொகுப்பின் நார்வேஜியத் தலைப்பு ‘ஹெல்லிக் உஸ்வார்ட்’. ‘ஸ்வார்ட்’ என்றால் கறுப்பு. முன்னொட்டு ‘உ’ எதிர்மறை. ஆக, புனிதமான கறுப்பின்மை என்பது தலைப்பின் பொருள். இசையோ அச்சுஅசலான பிளாக் மெட்டல்: இடைவிடாத கிட்டார் இரைச்சல், அசுர வேக டிரம்ஸ், கீச்சிடும் குரல். எதிர்மறை முன்னொட்டு மறுப்பது ஒலியை அல்ல, அந்த ஒலி அதுவரை சுமந்துவந்த பொருளை.

தமிழாக்கத்துக்கு வருவோம். ‘கன உலோகம்’ என்பது சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. ஆனால் அது வேதியியலுக்கும் சூழலியலுக்கும் உரிய கலைச்சொல்லாக ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. ‘கிறிஸ்தவக் கன உலோகம்’ என்று எழுதினால், படிப்பவர் நீரில் கலந்த ஈயத்தைத்தான் நினைப்பார். ‘உலோக இசை’ என்று சுருக்கினால் வேறொரு சிக்கல் வருகிறது. தமிழிசை மரபு கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று பகுக்கிறது; இவற்றுள் உலோகத்தால் ஒலிப்பவை தாளம், மணி போன்ற கஞ்சக்கருவிகள். மெட்டலின் உயிரான கிட்டாரோ நரம்புக்கருவி. எனவே ‘உலோக இசை’ தவறான கருவியைக் காட்டிக்கொடுக்கிறது. ‘லோஹ’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவமான உலோகத்தை விட்டு, ‘பொன்’ என்ற பழஞ்சொல்லை எடுப்போம் என்றால் – ஐம்பொன் என்பதில் அச்சொல் பொதுவாக உலோகத்தையே குறிக்கிறது – பிளாக் மெட்டல் ‘கரும்பொன்’ ஆகி இரும்பைக் குறிக்கும். ஒயிட் மெட்டல் ‘வெண்பொன்’ ஆகி வெள்ளியைக் குறிக்கும். தனித்தமிழ் ஆர்வலர் ஒருவர் இசை மதிப்புரை எழுதப் போய் நகைக்கடைக்குள் நுழைந்த கதையாகிவிடும்.

ஆகவே ‘மெட்டல்’ என்பதை ஒலிபெயர்த்தே வைப்பதுதான் முறை என்பது என் கருத்து. ஜாஸ், புளூஸ், ராக் ஆகியவற்றை நாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். அடைமொழிக்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் இயற்றியவற்றைக் ‘கிறிஸ்தவக் கீர்த்தனைகள்’ என்கிறோம். அத்தொடரில் கீர்த்தனை என்பது இசைவடிவத்தையும், கிறிஸ்தவ என்பது பாடுபொருளையும் குறிக்கின்றன என்பதில் தமிழருக்கு ஐயம் எழுந்ததில்லை. அதே அமைப்பில் ‘கிறிஸ்தவ மெட்டல்’ என்று எழுதுவது போதுமானது. மாணவருக்கோ இசைவகைகளை அறியாதவருக்கோ எழுதும்போது, முதல் இடத்தில் மட்டும் ‘கிறிஸ்தவப் பாடுபொருள் கொண்ட மெட்டல் இசை’ என்று விரித்துவிடலாம். ‘கிறிஸ்தவ ஒலி’ என்பதைத் தவிர்க்க வேண்டும், அப்படியொன்று இல்லை. ஒரு குழுவின் மாற்றத்தை எழுதுகையில் பாடுபொருள், ஒலிப்பாங்கு என்ற இரு சொற்களையும் பிரித்து ஆண்டால், எது மாறியது, எது மாறவில்லை என்பது படிப்பவருக்குக் குழம்பாது. வெள்ளை மெட்டல், அன்பிளாக் மெட்டல் ஆகியவற்றை வரலாற்றுப் பெயர்களாக மட்டும் கையாள்வது நல்லது.

காலத்தையும் சேர்த்து எழுத வேண்டிய இடங்களும் உண்டு. மெட்டலும் ஹார்ட்கோர் பங்க் இசையும் கலந்த மெட்டல்கோர் வகையைச் சேர்ந்த, புளோரிடாவின் அண்டர்ஓத் குழு 1999இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டு, கிறிஸ்தவக் குழு என்ற அடையாளத்துடனேயே வளர்ந்து, 2006இல் ‘டிஃபைன் தி கிரேட் லைன்’ தொகுப்பின் வழியாக பில்போர்டின் தொகுப்புப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. 2018இல் ‘இரேஸ் மீ’ வெளிவந்த வேளையில், தாங்கள் இனிக் கிறிஸ்தவக் குழு அல்ல என்று அதன் உறுப்பினர்கள் சொல்லிவிட்டார்கள். அறிவிப்பால் வந்த அடைமொழி அறிவிப்பாலேயே நீங்குவது முறைதானே. எனவே அக்குழுவை இன்று ‘கிறிஸ்தவ மெட்டல்கோர் குழு’ என்று எழுதுவது பிழை. ‘கிறிஸ்தவ மெட்டல்கோர் குழுவாகத் தொடங்கிய அண்டர்ஓத்’ என்று எழுதுவது சரி.