மக்கள் நம்பிக்கை: ஒரு சொல் விளக்கம்

கொரோனா காலத்தில் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த சொற்களில் ஒன்று ‘பப்ளிக் டிரஸ்ட்’. அரசும் நாடாளுமன்றமும் சுகாதாரத் துறையும் உண்மையைச் சொல்லும், நம் நலனுக்காகவே முடிவெடுக்கும் என்று மக்கள் கொள்ளும் உறுதிதான் இதன் பொருள். இதைப் ‘பொது நம்பிக்கை’ என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. பலரும் நம்பும் ஒரு கருத்து என்றும் அது பொருள்படும். யார் நம்புகிறார்கள் என்பது தெரிய வேண்டுமென்றால் ‘மக்கள் நம்பிக்கை’ என்பதே சரி.

‘டிரஸ்ட்’ வட ஐரோப்பாவில் முன்பு பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அங்கே அதற்கு உதவி, உறுதி என்று பொருள். சாய்ந்தால் தாங்கும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

நம்முடைய ‘நம்பு’ வந்த வழி வேறு. “நம்பும் மேவும் நசையாகும்மே” என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். ஒருவரை நம்புவது முதலில் அவரை விரும்புவதாகத்தான் இருந்திருக்கிறது. இன்றும் அந்த வாடை போகவில்லை. பிடித்த தலைவர் சொன்னால் தடுப்பூசி நல்லது, பிடிக்காதவர் சொன்னால் சந்தேகம் என்று நோய்க்காலத்தில் பல நாடுகளில் மக்கள் பிரிந்து நின்றார்களே, அது நசை.

ஆராய்ந்து நம்புவதற்குத் தமிழில் தனிச்சொல்லே இருந்தது: தெளிதல். குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. “தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்” என்பது அதன் கடைசிக் குறள். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும். அங்கே தெளிய வேண்டியவன் அரசன், ஆராயப்படுபவர் அவனிடம் வேலை பார்ப்பவர். மக்களாட்சியில் இது அப்படியே திரும்பிவிட்டது. ஆராய வேண்டியவர்கள் இப்போது மக்கள்.

அப்புறம், ‘நம்பகத்தன்மை’. இதையும் நம்பிக்கையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். நம்பிக்கை மக்களிடம் இருப்பது, நம்பகத்தன்மை அரசிடம் இருக்க வேண்டியது. 2014 ஆகஸ்டில் எபோலா பரவியபோது லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் வெஸ்ட் பாயின்ட் என்ற நெருக்கமான குடியிருப்பை 21 நாட்களுக்கு என்று சொல்லி அரசு திடீரென அடைத்தது. உள்ளே இருந்தவர்களுக்கு உணவு கிடைக்குமா என்பதே கேள்வியானது. மோதல் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் பதின்வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். இரண்டு வாரத்துக்குள் அடைப்பை விலக்கிக்கொண்டார்கள். ‘மக்களுக்கு நம்பிக்கை இல்லை’ என்று இதை எழுதினால் குற்றம் மக்கள் தலையில் விழுகிறது. ‘அரசுக்கு நம்பகத்தன்மை இல்லை’ என்று எழுதுவதுதான் நியாயம்.

எதிர்ச்சொல்லாக ‘அவநம்பிக்கை’ வழக்கில் இருக்கிறது. வடமொழி முன்னொட்டைத் தமிழ்ச் சொல்லில் ஒட்டியது அது. ‘நம்பாமை’ போதும். ஆனால் கேள்வி கேட்பவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இறப்பு எண்ணிக்கை சரியா, மருந்தைச் சோதித்தார்களா என்று கேட்பது ஐயம். பதில் கிடைத்தால் அது தீரும். ‘தெளிவு’ இன்று வேறு பொருளுக்குப் போய்விட்டதால், அப்படி ஐயம் தீர்ந்து வருவதைத் ‘தெளிந்த நம்பிக்கை’ என்று எழுதலாம்.