"எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறான்?" என்பதைக் கடைசியில் கேளுங்கள்

"எந்நேரமும் போன்தான் டாக்டர், சோறு தண்ணி கெடையாது." கடலூரிலும் புதுச்சேரியிலும் பிள்ளையை மனநல ஓபிக்குக் கூட்டி வரும் அம்மாக்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுவது இதைத்தான். ஓபி சீட்டிலும் 'அதிக செல்போன் பயன்பாடு' என்று மூன்று சொல்லாக அது ஏறிவிடும். போனைக் குறைக்கச் சொல்லி, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதி, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னால் மதிப்பீடு முடிந்த கணக்கு.

நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் போனில் இருக்கும் மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருவனுக்கு மனச்சோர்வு. தூக்கம் வராமல் விடிய விடிய ரீல்ஸ் தள்ளுகிறான். ஒருத்திக்கு வகுப்பில் பேச ஆளில்லை. அவளுக்கு இருக்கிற இரண்டு தோழிகளும் போனுக்குள்தான் இருக்கிறார்கள். மூன்றாமவன் போனைக் கீழே வைக்கவே பயப்படுகிறான். உடனே பதில் போடாவிட்டால் உன் படத்தை எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன் என்று ஒருவன் மிரட்டிக்கொண்டிருக்கிறான். மணிக்கணக்கு மூவருக்கும் ஒன்றுதான். ஆனால் முதலாமவனுக்குப் போன் நோயின் அறிகுறி, அடுத்தவளுக்கு அடைக்கலம், மூன்றாமவனுக்கோ அந்த நிமிடமும் நடந்துகொண்டிருக்கும் குற்றம். மூவரிடமிருந்தும் போனைப் பிடுங்கினால் முதலாமவன் இருட்டில் விழித்துக் கிடப்பான், இரண்டாமவள் தனியாகிவிடுவாள், மூன்றாமவன் அன்றிரவே உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்க்கலாம்.

அதனால் மணிக்கணக்கைக் கடைசியில் கேளுங்கள். சில பிள்ளைகளிடம் கேட்கவே தேவைப்படாது.

முதலில் தனியாகப் பேச வேண்டும். பண்ருட்டியிலிருந்தோ பாகூரிலிருந்தோ வரும் குடும்பத்தில் அம்மா, பாட்டி, பெரியம்மா என்று மூன்று பேர் சுற்றி நிற்பார்கள். சிங்கப்பூரில் இருக்கும் அப்பா வீடியோ காலில் இருப்பார். அந்தச் சபையில் எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லாது. பத்துப் பதினைந்து நிமிடமாவது பிள்ளையோடு மட்டும் பேச நேரம் வேண்டும் என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. பாதிப் பேச்சில் "கொஞ்சம் வெளிய இருங்க" என்றால், ஏதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வெளியே பதற்றம் தொடங்கிவிடும்.

ரகசியத்தின் எல்லையையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "நீ சொல்றத நான் வீட்ல போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா, இல்ல பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற யாரையாவது யாராவது பாலியல் ரீதியா தொந்தரவு பண்றாங்கன்னா, அதை மட்டும் என்னால மறைக்க முடியாது. அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது, உயிர் ஆபத்துக்கு விலக்கும் தருகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, அப்படியொரு குற்றத்தை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இந்த எல்லையைச் சொன்னால், அது அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கைத் துரோகமாகத்தான் தெரியும்.

பேச்சை இரவிலிருந்து தொடங்கலாம். "ராத்திரி கடைசியா போனை எப்ப கீழ வச்ச? அப்ப என்ன பார்த்துக்கிட்டு இருந்த? நடுவுல எழுந்து பார்ப்பியா?" இதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. பதிலும் எதையாவது காட்டிக் கொடுக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் குப்பங்களில் விடிகாலை மூன்று மணிக்கு வீடே விழித்திருக்கும்; நெய்வேலியில் அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் இருக்கும். வீட்டின் கடிகாரம் தெரியாமல் பிள்ளையின் தூக்கத்தை எடைபோட முடியாது. போன் யாருடையது என்பதும் முக்கியம். நான்கு பேருக்கு ஒரே போன் என்றால் ஆபத்து வேறு மாதிரி இருக்கும். அம்மா எண்ணில்தான் வாட்ஸ்அப்பும் ஜிபேயும் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது கணக்கைப் பற்றிக் கேளுங்கள். "வீட்டுக்குத் தெரிஞ்ச ஐடி ஒண்ணு, தெரியாத ஐடி ஒண்ணு இருக்கும்ல?" என்று சாதாரணமாகக் கேட்டால் பலர் சிரித்தே ஒப்புக்கொள்வார்கள். "தப்பான வீடியோ பார்க்கிறியா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "உன் வயசுல நிறைய பேருக்கு நினைக்காததெல்லாம் போன்ல வந்து நிக்குது, உனக்கு எப்படி?" என்றால் பிள்ளை பேசும்.

பிள்ளைகளுக்கான இணைய ஆபத்துகளை ஆய்வாளர்கள் சோனியா லிவிங்ஸ்டனும் மரியா ஸ்டோய்லோவாவும் 2021இல் நான்காகப் பிரித்தார்கள். ஓபி அறைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது: கண்ணில் படுவது, யாரோடு தொடர்பு, தான் என்ன செய்கிறான், தன் பணத்தையும் தகவலையும் வைத்து யார் பிழைக்கிறார்கள். நான்கையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். நம்மூரில் முதல் கேள்வியோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம்.

கண்ணில் படுவதில் உயிர்ப் பிரச்சினை என்பது தன்னைத் தானே காயப்படுத்துவதும் தற்கொலையும் பற்றிய பதிவுகள். லண்டனில் 2017இல் இறந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மரண விசாரணை 2022இல் நடந்தது. கடைசி ஆறு மாதத்தில் அவள் இன்ஸ்டாகிராமில் சேமித்த, லைக் போட்ட, பகிர்ந்த 16,300 பதிவுகளில் 2,100 மனச்சோர்வு, சுயகாயம், தற்கொலை தொடர்பானவை என்று அங்கே வெளிவந்தது. வீட்டாருக்கு அது தெரியாது. ஒரு சோக ரீல்ஸில் நாலு நொடி கூடுதலாக நின்றால் அடுத்து அதே வகை வந்து குவியும். தானாக வருகிறதா, தேடிப் போகிறானா என்ற வித்தியாசத்தை இங்கே கேட்டுப் பிரிக்க வேண்டும். சாகும் வழியைத் தேடியிருந்தால் ஆபத்தின் அளவு அப்போதே ஒரு படி ஏறிவிடுகிறது. எதைத் தேடினான், அது வீட்டில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, பூச்சிமருந்து எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுவரை போக வேண்டும். 'இப்படிப் பேசுகிற குழு ஏதாவது இருக்கா, செய்யச் சொல்லி யாராவது தூண்டினாங்களா, ஏஐகிட்ட இதைச் சொன்னியா, அது என்ன சொல்லுச்சு' என்றும் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது.

பிள்ளை சம்மதித்தால் போனை அதன் கையிலேயே வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அதில் வரும் பதிவுகளைத் தள்ளிக் காட்டச் சொல்லலாம். பார்க்கிறவர் போனை வாங்கக் கூடாது, நோண்டக் கூடாது.

தொடர்பு என்ற பகுதியில்தான் நேரம் அதிகம் போகும், போகவும் வேண்டும். மிரட்டுபவன் எங்கோ முகம் தெரியாதவனாகத்தான் இருப்பான் என்பதில்லை. பழைய வகுப்புத் தோழன், பக்கத்துத் தெரு 'அண்ணா', சொந்தக்காரப் பையன் யாராகவும் இருக்கலாம். ஆண் பிள்ளைகளும் மாட்டுகிறார்கள். பெண் பெயரில் வந்து வீடியோ கால் பதிவை வைத்துப் பணம் பறிப்பது அவர்களிடம்தான் அதிகம். மிரட்டல் தொடங்கிய சில மணி நேரத்திலேயே உயிர் போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பது இங்கே செல்லாது.

மிரட்டல் தெரியவந்தால் செய்ய வேண்டியவை வரிசையாக இவை. பணம் அனுப்ப வேண்டாம்; ஒருமுறை கொடுத்தால் தொகை ஏறும். புதுப் படம் எதுவும் அனுப்ப வேண்டாம். பயத்தில் சாட் உரையாடலை அழித்துவிட்டுக் கணக்கை மூடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு, சாட்சியே அந்த உரையாடல்தான். மிரட்டியவனின் யூசர்நேம், சுயவிவர இணைப்பு, போன் எண், யுபிஐ ஐடி, தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யலாம். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் மருத்துவரோ ஆசிரியரோ தன் போனுக்கு வாங்கக் கூடாது, வாட்ஸ்அப்பில் மேலதிகாரிக்குத் தட்டிவிடவும் கூடாது. நல்லெண்ணத்தில் செய்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் போக்சோவும் குறுக்கே வரும். என்ன படம் என்பதை வார்த்தையில் எழுதினால் போதும்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பதினெட்டுக்குக் கீழ் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற சேவை உண்டு: படம் போனை விட்டு வெளியே போகாது, படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் தளங்களுக்குப் போகும். பதினெட்டைத் தாண்டியவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' இதே வேலையைச் செய்கிறது. பதினெட்டைத் தாண்டியவர்கள் என்றால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. அவர்களை நெருக்கக் கூடாது.

இந்த வட்டாரத்துக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. பிள்ளை கடலூர், படிக்கும் கல்லூரி புதுச்சேரி, மிரட்டியவன் காரைக்கால் என்றால், எல்லையிலிருக்கும் முள்ளோடைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று குடும்பம் அலையத் தொடங்கிவிடும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதியலாம். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் குடும்பத்துக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

எதையும் வீட்டுக்குச் சொல்லும் முன் பிள்ளையிடம் கேட்டாக வேண்டியது: "இது வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும்?" சாதி மாறிய காதல் ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் அப்பாவுக்குத் தெரியவந்தால் அந்தப் பெண்ணுக்கு இணையத்தைவிட வீடே ஆபத்தாகிவிடும் குடும்பங்கள் நம் மாவட்டங்களில் இருக்கின்றன. மதிப்பீடு செய்பவர் காட்டிக்கொடுப்பவராகிவிடக் கூடாது.

தான் செய்வது என்ற பகுதியைப் பலர் தவிர்க்கிறார்கள், பிள்ளை பாதிக்கப்பட்டவராகவே இருக்கட்டும் என்ற ஆசையில். வகுப்புத் தோழியின் முகத்தை வெட்டி ஒட்டியது, சாதிப் பெருமை ஸ்டேட்டஸ் போட்டு அடுத்த தெருவைச் சீண்டியது, குழுவில் ஒருவனை எல்லாரும் சேர்ந்து கேலி செய்தது எல்லாம் இங்கே வரும். மிரட்டப்படுகிற பிள்ளையே இன்னொருவரை மிரட்டிக்கொண்டும் இருக்கலாம்.

பணத்தைப் பொதுவாகக் கேட்காமல் எண்ணாகக் கேளுங்கள்: எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதிக்குள். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் டைமண்டுக்கு அம்மாவின் யுபிஐ, கல்லூரிப் பையனுக்குக் கடன் செயலி, கமிஷனுக்காக வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்டது, இப்படித்தான் வரும். தமிழ்நாடு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்யும் மத்தியச் சட்டம் வந்தது. தடை வந்துவிட்டதே என்று இந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். டெலிகிராமில் லிங்க் வரும் பிள்ளைக்குத் தடை ஒரு பொருட்டல்ல.

'கேம் அடிமை' என்ற சொல்லை அவசரப்பட்டு எழுத வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11இன் விளையாட்டுக் கோளாறுக்கு மூன்று வேண்டும்: கட்டுப்பாடு போயிருக்க வேண்டும், மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் முதலிடம் பிடித்திருக்க வேண்டும், கெடுதல் தெரிந்தும் தொடர வேண்டும். பொதுவாக 12 மாதம் நீடித்து, படிப்பையோ குடும்பத்தையோ கண்கூடாகக் குலைத்திருக்க வேண்டும். மே மாத விடுமுறையில் நாள் முழுக்க ஆடுபவன் இதில் அடங்கமாட்டான்.

கேஸ் ஷீட்டில் எழுதும் வரி இப்படி இருக்கலாம்: "இரவு 1.30 வரை விழிப்பு, 3 வாரமாக. இரண்டாவது இன்ஸ்டா கணக்கு உண்டு. சுயகாயப் பதிவுகள் தானாக வருகின்றன, தேடவில்லை. சாகும் முறை பற்றித் தேடல் இல்லை. மிரட்டல் இல்லை. கடன் இல்லை. ஆன்லைன் தோழிகள் இருவர், ஆதரவானவர்கள்." அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும். 'இல்லை' என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கேட்டீர்களா என்பதே தெரியாது.

அம்மாவை உள்ளே கூப்பிட்டதும் வரும் கேள்வி: "போனை வாங்கி ஒடச்சிடட்டுமா?" பிள்ளை வாய் திறந்த அன்றைக்கே போன் போனால், அடுத்த முறை அது வாய் திறக்காது. சாட்சியும் போகும், துணையும் போகும். அதற்குப் பதில் சின்ன மாற்றங்களைச் சொல்லலாம். இரவு பத்தரைக்கு மேல் எல்லார் போனும், அப்பாவுடையதும், ஹாலில் சார்ஜில். 'அலாரத்துக்கு வேணும்' என்ற சாக்குக்குக் கடையில் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரண்டு மணிக்குப் படுப்பவனை ஒரே நாளில் பத்து மணிக்குக் கொண்டுவர முடியாது, சில நாளுக்கு ஒருமுறை அரை மணி குறைக்கலாம். யுபிஐ பின்னை மாற்றுங்கள். சோகப் பதிவு வரும்போதெல்லாம் 'விருப்பமில்லை' அழுத்த வையுங்கள்.

தற்கொலை எண்ணமோ நடப்பு மிரட்டலோ இருந்தால் தனியாக விடாத ஏற்பாடும், தேவைப்பட்டால் உள்நோயாளர் சேர்க்கையும் அன்றைக்கே. வீட்டுக்கு அனுப்பினாலும் இரண்டு மூன்று நாளில் மறுபடி பார்க்க வேண்டும். மற்றவர்களை ஒன்றிரண்டு வாரத்தில். மறு வருகையில் முதல் கேள்வி, "போன தடவ இங்க வந்துட்டுப் போனப்புறம் வீட்ல என்ன நடந்துச்சு?"

அனுப்பும்போது அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416ஐ ஓபி சீட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். போனில் சேமித்துக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள். தேவைப்படும் நேரத்தில் அந்தப் போன் அப்பாவின் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கலாம்.