அல்சர்னு யார் சொன்னா?

போன வாரம் வந்த அண்ணாச்சி, படுக்கையில் ஏறுவதற்கு முன் பெல்ட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். கடையில் போட்டுக் கொடுத்த ஓட்டைகள் ஐந்து. அதைத் தாண்டி ஆணியால் குத்திய ஓட்டைகள் மூன்று. எடை குறைந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

"என்ன பண்ணுது அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல சார், பழைய அல்சர்தான். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்சிருது."

சட்டைப் பையிலிருந்து, அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரை அட்டையின் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். மருந்துக்கடையில் கத்தரித்துக் கொடுத்தது. காலாவதித் தேதி இருந்த பக்கம் வெட்டோடு போயிருந்தது.

"அல்சர்னு யார் சொன்னா?"

"மருந்துக்கடைத் தம்பிதான்."

வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு (எண்டோஸ்கோப்பி) உள்ளே பார்த்தால், இரைப்பை முடிந்து குடல் தொடங்குகிற இடத்தை அடைத்துக்கொண்டு புற்றுநோய்க் கட்டி. ஸ்கேனில் கல்லீரலிலும் இருந்தது. இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அல்சர் என்றால் இரைப்பையிலோ சிறுகுடலின் ஆரம்பத்திலோ இருக்கிற புண். வயிற்றை அமுக்கிப் பார்த்து அதை என்னாலேயே சொல்ல முடியாது. நம் ஊரிலோ காலையில் சாப்பிடாவிட்டால் அல்சர், காரம் தின்றால் அல்சர், ஏப்பம் வந்தால் கேஸ். இதிலும் ஒரு வாதம்தான் எனக்குத் தலைவலி: "மாத்திரை போட்டா கேக்குதே சார், அப்போ அல்சர்தானே?" இல்லை. அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை புற்றுநோய்ப் புண்ணின் வலியையும்தான் குறைக்கும். சில நேரம் அந்தப் புண் மேலே மூடி, ஆறியதுபோலவும் காட்டும். உள்ளே இருப்பது பாட்டுக்கு வளரும். வலி போனதை வைத்து அது என்ன புண் என்று யாரும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டும், சதையில் துளி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். (அப்படி எடுத்தால் நோய் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். பரவாது.)

அல்சருக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் முக்கியமான காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று மருத்துவர்களே நம்பிய காலத்தில், 1984இல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் இந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் ராபின் வாரனோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. 1994இலேயே இந்தக் கிருமி புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது உறுதியானவற்றின் பட்டியலில், சேர்க்கப்பட்டுவிட்டது. கிருமி இருக்கிற எல்லோருக்கும் புற்றுநோய் வராது, பயப்படாதீர்கள். ஆனால் கிருமியைக் கொல்ல 14 நாளுக்கு மாத்திரை எழுதினால், வாய் கசக்கிறது என்று நாலாம் நாளே நிறுத்துகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பீடி சிகரெட்டை விடுங்கள். கருவாடு, ஊறுகாய் தினமும் வேண்டாம்.

எப்போது வர வேண்டும்? காரணமில்லாமல் எடை குறைந்தால். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தால். சாப்பிட்டது வாந்தியாக வந்துகொண்டே இருந்தால். விழுங்கும்போது அடைத்தால். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், சாப்பிடுகிறீர்களா என்று சொல்லிவிடுங்கள்). ஆண்களுக்கு ரத்தசோகை என்றால் டானிக் வாங்காமல், ரத்தம் எங்கே போகிறது என்று தேடுங்கள்.

தென் கொரியாவில் 40 வயதைத் தாண்டியவர்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, இரைப்பைப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆரம்பத்தில் சிக்கினால் சிலருக்கு வயிற்றைத் திறக்காமல் குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிடலாம். நம்மை யாரும் கூப்பிட மாட்டார்கள். நீங்களாக வந்தால்தான் உண்டு.

எண்டோஸ்கோப்பிக்குப் பயமா? தொண்டை மரக்க மருந்து அடிப்போம், கசக்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். தயவுசெய்து வாருங்கள்.

கூடப் பிறந்தவர்களுக்கு இந்த நோய் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அண்ணாச்சியோடு வந்திருந்த தம்பிக்கும் ஒரு வருடமாக 'கேஸ்' தொல்லையாம். வியாழக்கிழமை காலை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறேன். டீயும் குடிக்காமல்.