நீங்கள் இழுத்தது ஒரு பேக்கேஜ், உள்ளே வந்தது யார் யார்?

வேலூர் காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள லாட்ஜ்களுக்கு ரூம் புக்கிங் மென்பொருள் செய்து பராமரிப்பது என் தொழிலில் ஒரு பகுதி. சிஎம்சிக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கும் இடங்கள் அவை. மேற்கு வங்கத்திலிருந்து வந்தவரின் ஆதார், பங்களாதேஷிலிருந்து வந்தவரின் பாஸ்போர்ட் எல்லாம் ஸ்கேன் ஆகி, ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் கிடக்கும். நோயோடு வந்த மனிதர்கள் நம்பிக் கொடுத்த காகிதங்கள். அந்த ஃபோல்டரை மனதில் வைத்துத்தான், பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதி நாம் நம் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் கோடை, நம்புவது பற்றி இதை எழுதுகிறேன்.

ஜாவாஸ்கிரிப்ட் கோடை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ் பழகும் பிள்ளைகள் பலர், மாட்யூல் (தனி ஃபைலாகப் பிரித்த கோடு) என்றாலே பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ஒரு ஃபைலில் வைத்த வேரியபிள் இன்னொரு ஃபைலுக்குத் தெரியாது என்பது உண்மைதான். ரெக்வயர் செய்யும், அதாவது உள்ளே ஏற்றும், ஒவ்வொரு ஃபைலையும் நோட் ஒரு ஃபங்ஷனுக்குள் சுற்றித்தான் ஓட்டுகிறது. ஆனால் அது பெயர்கள் மோதாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, அவ்வளவுதான். அறைக்கு அறை சுவர் இருந்தும் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி உள்ள லாட்ஜ் மாதிரி.

தேதியை அழகாகக் காட்ட ஒரு சின்ன பேக்கேஜ் போடுகிறீர்கள். அதுவும் ஃபைல்களைப் படிக்க உதவும் எஃப்எஸ் மாட்யூலை ரெக்வயர் செய்யலாம், பாஸ்போர்ட் ஃபோல்டரைப் படிக்கலாம், என்விரான்மென்ட் வேரியபிளில் உள்ள டேட்டாபேஸ் பாஸ்வேர்டை வெளியே அனுப்பலாம். அதோடு, ஒருமுறை ஏற்றிய மாட்யூலை நோட் நினைவில் (கேஷ்) வைத்துக்கொண்டு, கேட்கிற எல்லோருக்கும் அதே ஆப்ஜெக்டைத்தான் தருகிறது. எவனோ எழுதிய பேக்கேஜ் எஃப்எஸ்ஸின் ரீட்ஃபைல் ஃபங்ஷனை மாற்றி வைத்தால், உங்கள் கோடும் அந்த மாற்றிய ஃபங்ஷனைத்தான் கூப்பிடும். புதிய நோட் பதிப்புகளில் பெர்மிஷன் ஃபிளாக் போட்டு, எந்த ஃபோல்டரைத் தொடலாம் என்று கட்டுப்படுத்த முடியும். ஆனால் அது முழு புரோகிராமுக்கும் பொது. பேக்கேஜுக்குப் பேக்கேஜ் தனித்தனியாக அல்ல.

"நான் போட்டது நாலைந்துதானே சார்" என்பார்கள். சரி, பேக்கேஜ்களை இறக்கி வைக்கும் கருவிதான் என்பிஎம்; டெர்மினலில் என்பிஎம் எல்எஸ் கமாண்டை ஆல் என்ற ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். நீங்கள் கேள்விப்படாத பெயர்கள் திரை திரையாக ஓடும். நீங்கள் போட்டது இழுத்தது, அது இழுத்தது, அதற்கு அடியில் இருப்பது. எல்லோரிடமும் அதே சாவி.

2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜுக்கு நடந்தது இதுதான். உலகமெங்கும் ஏராளமான புரோகிராம்களுக்குள் இருந்த பேக்கேஜ் அது. அதைப் பார்த்துக்கொள்ள நேரமில்லாதிருந்தவர், உதவ முன்வந்த ஒரு முன்பின் தெரியாதவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். வந்தவர் ஃபிளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற புதுப் பேக்கேஜை அதற்கு அடியில் சேர்த்தார். அதற்குள் இருந்த திருட்டுக் கோடு கோபே என்ற பிட்காயின் வாலட்டைக் குறிவைத்தது. வேறு எங்கும் வாயே திறக்கவில்லை. அந்தப் புதுப் பேக்கேஜ் செப்டம்பரில் நுழைந்தது, நவம்பரில்தான் அகப்பட்டது. 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற பேக்கேஜ்களை வைத்திருந்தவருக்கு, என்பிஎம் அனுப்பியது போலவே ஒரு போலி மெயில் வந்து, அவர் கணக்கே பறிபோனது. அதே மாதம் ஷாய்-ஹுலுட் என்ற புழு கிளம்பியது. இன்ஸ்டால் செய்த கம்ப்யூட்டரில் உள்ள டோக்கன்களை (பாஸ்வேர்டு போன்ற ரகசியச் சாவிகள்) திருடி, அவற்றை வைத்தே அடுத்தடுத்த பேக்கேஜ்களுக்குள் புகுந்தது.

கெட்ட பதிப்பு நம் சர்வருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரே ஒரு குறியால். எந்தப் பேக்கேஜ்கள் வேண்டும் என்று எழுதிவைக்கும் பேக்கேஜ் ஜேசன் ஃபைலில் ^4.17.1 என்று இருந்தால், 5-க்குக் கீழே அதன்பின் வரும் எந்தப் பதிப்பும் சம்மதம் என்று பொருள். நேற்றிரவு எவனோ ஏற்றியதும் அதில் சேர்த்தி. லாக் ஃபைல் இருப்பது இதைத் தடுக்கத்தான். ஒவ்வொரு பேக்கேஜின் துல்லியமான பதிப்பும், உள்ளடக்கம் மாறவில்லை என்று சரிபார்க்கும் ஹாஷும் அதில் இருக்கும். அதை, கோடின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட்டில் சேர்க்காமல் விடும் பழக்கத்தைக் காட்பாடிப் பக்கம் மாணவர்களின் புராஜெக்டுகளில் நிறையப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கவலையாக இருக்கிறது. சர்வரில் என்பிஎம் இன்ஸ்டால் வேண்டாம், என்பிஎம் சிஐ போடுங்கள். அது லாக் ஃபைலில் உள்ளதை மட்டுமே வைக்கும். பேக்கேஜ் ஜேசனோடு பொருந்தாவிட்டால் நின்றுவிடும்.

அதோடு இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ் ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் ஆனதும் தானே ஓடும் போஸ்ட்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் உள்ள பேக்கேஜ், நீங்கள் ரெக்வயர் என்று ஒரு வரி எழுதும் முன்பே உங்கள் கம்ப்யூட்டரில் ஓடிவிடும். பாஸ்வேர்டை ஹாஷ் செய்யும் பிகிரிப்ட் போல உண்மையிலேயே ஸ்கிரிப்ட் தேவைப்படும் சிலவற்றுக்கு மட்டும், அப்புறம் பெயர் சொல்லி என்பிஎம் ரீபில்ட் ஓட்டலாம். புதுப் பதிப்பு வந்த அன்றே ஏற்ற வேண்டிய அவசரம், பாதுகாப்புத் திருத்தம் தவிர, லாட்ஜ் பில்லிங்குக்கு எப்போதும் கிடையாது.

முக்கால்வாசிப் பேக்கேஜ்கள் தேவையே இல்லை என்பதும் என் கருத்து. ரேண்டம் ஐடிக்கு நோட்டின் கிரிப்டோ மாட்யூலில் ரேண்டம்யூயூஐடி இருக்கிறது. வெளியே ஒரு ரிக்வெஸ்ட் அனுப்ப ஃபெட்ச் இருக்கிறது. டெஸ்ட் எழுதவும், அமைப்புகளை வைக்கும் என்வ் ஃபைலைப் படிக்கவும்கூட நோட்டே போதும்.

கெட்ட பதிப்பு உள்ளே வந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், பேக்கேஜ்கள் இறங்கியிருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். அது ஓடிய நிமிடமே பாஸ்வேர்டு போயிருக்கலாம். வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, என்பிஎம் டோக்கன், கிளவுட் சாவிகள் எல்லாவற்றையும் முதலில் மாற்றுங்கள். அடுத்த போன் லாட்ஜ் முதலாளிக்கு. யாருடைய ஆவணங்கள் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தன என்று அவருக்கு அன்றே தெரிய வேண்டும்.