தோலும் தண்டுதான்

சப்பாத்திக்கள்ளியின் தட்டையான பச்சை மடல் உண்மையில் அதன் தண்டு. இலைகள் இளம் மடலில் சிறு குச்சிகளாக முளைத்துச் சீக்கிரமே உதிர்ந்துவிடும். மடல் மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும் மேடுகளிலிருந்துதான் முள், பூ, அடுத்த மடல் எல்லாம் கிளம்புகின்றன.

பழத்தின் கதை இன்னும் விசித்திரம். பூவின் சூலகம் தண்டுத் திசுவுக்குள் புதைந்திருக்கிறது. அது பழுக்கும்போது சுற்றியுள்ள தண்டே பழத்தோலாகிறது. பழத்தோலில் முள் இருப்பது அதனால்தான். கீழே விழுந்த பழம், விதை முளைக்காமலேயே, தோலிலிருந்து வேர்விட்டுப் புதுச்செடியாவதும் உண்டு.

பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம். பாடாய்ப் படுத்துவது அதனடியில் கொத்தாக நிற்கும் சுணை. மயிரிழை போன்ற ஒவ்வொன்றிலும் பின்னோக்கிய நுண்செதில்கள் உண்டு. தொட்டதும் கழன்று விரலில் ஏறும், பிடுங்கினால் ஒடிந்து உள்ளே தங்கும். ஆடு மேய்க்கும் பிள்ளைகள் பழத்தைக் குச்சியால் தள்ளி மண்ணில் புரட்டித் தேய்ப்பது இதற்குத்தான். நெருப்பில் வாட்டினால் சுணை இன்னும் சுத்தமாகப் பொசுங்கிவிடும். உள்ளே இருக்கும் கருஞ்சிவப்பு, பீட்ரூட்டில் உள்ள அதே வகை நிறமி. நிறையத் தின்றவருக்குச் சிறுநீர் சிவந்தால் பதற வேண்டாம்.

வெயிலில் மடலின் மேலுள்ள நுண்துளைகளைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால், இந்தச் செடி இரவில்தான் கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது. அதை மாலிக் அமிலமாக்கிச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. ஆகவே விடியலில் பறித்த மடல் நன்றாகப் புளிக்கும். மாலை மடலில் புளிப்பு குறைவு. மடலைக் கறியாகச் சமைக்கும் மெக்சிகோக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி.

அமெரிக்கக் கண்டத்துச் செடியான இதற்கு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் தோட்டமே போட்டார். கள்ளியைத் தின்னும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பது திட்டம். ஆனால் 1795இல் இந்தியாவுக்கு வந்தது மட்டமான பூச்சியினம். சாயத் தொழில் தேறவில்லை. பிறகு வேறொரு கள்ளி இனம் தென்னிந்திய நிலங்களை வளைத்துக்கொண்டபோது, 1926இல் இலங்கை வழியாக இன்னொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். சாயத்துக்காக அல்ல, கள்ளியை அழிக்க. அந்த வேலையை அது கச்சிதமாகச் செய்தது.

மடலில் பஞ்சுபோல் வெள்ளை ஒட்டியிருந்தால் நசுக்கிப் பாருங்கள், விரல் சிவக்கும். அந்தச் சிவப்பு பழத்திலிருந்து வந்ததல்ல. எறும்புகளை விரட்ட, அந்தப் பஞ்சுக்குள் இருக்கும் கொச்சினீல் பூச்சி தானே தயாரித்துக்கொள்ளும் கார்மினிக் அமிலம் அது.